காந்தம் ஒட்டலைன்னா ஒரிஜினல் ரூபிளா?

"காந்தம் ஒட்டவில்லையா, அது அசல் ஜார் கால (ரஷ்யப் பேரரசர்கள் காலத்து) வெள்ளி ரூபிள்" என்று ஒரு வீடியோ ஃபார்வர்டு ஆகிக்கொண்டிருக்கிறது. தவறு. செம்பு, பித்தளை, செம்பு-நிக்கல் கலவை எதிலும்தான் காந்தம் ஒட்டாது. போலிகள் பெரும்பாலும் இவற்றில்தான் வருகின்றன.

முதலில் தராசு. கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலாஸ் கால ரூபிள் 20 கிராம், விட்டம் சுமார் 33.7 மி.மீ., 90 சதவீத வெள்ளி. தராசில் தண்ணீர்க் கப்பை வைத்து பூஜ்யமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி அடியில் படாமல் முக்குங்கள். அசல் என்றால் 1.9 கிராமை ஒட்டிக் காட்டும். செம்பு-நிக்கல் என்றால் 2.2க்கு மேல்.

ஆனால் வெள்ளியிலேயே போலி அடிப்பவர்களும் உண்டு! அதனால் விளிம்பைப் பாருங்கள். வீடியோக்காரர் அதைத் திருப்பிக்கூடக் காட்டவில்லை. அங்கே சிரிலிக்கில் (ரஷ்ய எழுத்தில்) "சுத்த வெள்ளி 4 ஸொலோத்னிக் 21 தோல்யா" என்று, அதாவது பழைய ரஷ்ய எடை அளவில் கிட்டத்தட்ட 18 கிராம் என்று, உள்ளழுந்திய எழுத்து இருக்கும். பிறகு அக்கசாலை (நாணயம் அடிக்கும் சாலை) அதிகாரியின் முதலெழுத்துகள். 1898 போன்ற சில ஆண்டுகளில் பாரிஸில் அடித்தவற்றில் ஒரு நட்சத்திரம், பிரஸ்ஸல்ஸில் அடித்தவற்றில் இரண்டு. விளிம்பில் எழுத்துக்குப் பதில் வெறும் வரிக்கோடுகளோ, வார்ப்பின் பொருத்துக்கோடோ தெரிந்தால் பணம் கொடுத்து வாங்க வேண்டாம்.