கணினி அப்படித்தான் போடுகிறது என்று சொல்லாதீர்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் முன்பு சம்பளப் பிரிவில் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் புதிய சம்பள மென்பொருள் வந்து இரண்டாவது மாதம். லேத் பிரிவில் இருந்த மூத்த தொழிலாளி ஒருவர் சம்பளச் சீட்டோடு என் மேசைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சிறு தாள்கட்டை எடுத்து வைத்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் பேனாவால் எழுதியிருந்தன.

"தம்பி, என் கணக்கில் ஓவர்டைம் முப்பத்தொரு மணி வருகிறது. சீட்டில் பதினாலுதான் இருக்கிறது. மிச்சம் எங்கே போயிற்று?" என்றார்.

"கணினி அப்படித்தான் போடுகிறது அண்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதிலுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு மென்பொருளின் ஓவர்டைம் விதிப் பக்கத்தைத் திறந்து அவருடைய தாள்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். முதலில் சிக்கியது அரை மணிக் கணக்கு. அரை மணிக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடு என்று அமைத்திருந்தார்கள். ஐந்தரைக்கு ஷிப்ட் முடிந்து ஐந்து ஐம்பத்தைந்துக்கு ஒருவர் வெளியேறினால் அவர் கணக்கில் சுழி. 24 நாள் அப்படி நின்றால் 10 மணி நேர உழைப்பு காணாமல் போகும்.

அதைவிடக் கொடியது இரவு ஷிப்ட். இரவு பத்துக்கு உள்ளே வந்து, மாற்று ஆள் வராததால் காலை ஒன்பது வரை நிற்கிறார் என்று வையுங்கள். அரை மணி இடைவேளை போக பத்தரை மணி நேர வேலை. மென்பொருளோ நள்ளிரவில் நாள் கணக்கை வெட்டுகிறது: முதல் நாள் 2 மணி, மறுநாள் எட்டரை. நாளுக்கு 9 மணி என்ற வரம்பை இரண்டு நாளும் தாண்டவில்லை, ஆகவே ஓவர்டைம் இல்லை! நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டின் மணிகளை முந்தைய நாளோடுதான் சேர்க்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 57ஆம் பிரிவு தெளிவாகவே சொல்லியிருந்தது. அதற்கான கட்டம் மென்பொருளின் விதிப் பக்கத்திலேயே இருந்தது. யாரும் டிக் செய்யவில்லை.

வார வரம்புக்கான கட்டமும் காலி. ஒரு நாளில் 9 மணி அல்லது ஒரு வாரத்தில் 48 மணி, எதைத் தாண்டினாலும் இரட்டிப்பு ஊதியம் என்றது அதே சட்டத்தின் 59ஆம் பிரிவு. நாள்தோறும் எட்டரை மணி வீதம் ஆறு நாள் உழைத்தால் 51 மணி. நாள் கணக்கை மட்டும் பார்த்தால் அந்த 3 மணி கண்ணிலேயே படாது.

மணிகளைச் சரியாக எண்ணினாலும் எதை இரட்டிப்பது என்ற கேள்வி இருக்கிறது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 13,000, வீட்டு வாடகைப்படி முதலான மற்ற படிகள் 5,200 என்று கொள்ளுங்கள். மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 8 மணி, ஆக 208. முதல் தொகையை மட்டும் வைத்தால் மணிக்கு 62.50, இரட்டித்தால் 125 ரூபாய். மொத்தத்தையும் வைத்தால் 87.50, இரட்டித்தால் 175. போனஸும் ஓவர்டைம் தொகையும்தான் சேராது, உரிய படிகள் சேரும் என்றது சட்டம். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் இந்தப் படிகளுக்காகவே உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார்கள். பழைய சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்த பிறகும் இரட்டிப்பு இரட்டிப்பாகத்தான் இருக்கிறது. ஊதியம் என்பதன் வரையறை மாறியிருப்பதால் மென்பொருளில் ஊதியத்துக்கான கட்டத்தை இன்னும் கவனமாக நிரப்ப வேண்டும்.

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கான சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. அது திரும்பப் பெறப்படுவதாக மே தினத்தன்று முதல்வர் அறிவித்தார். நல்லது. ஆனால் அப்படித் திரும்பப் போனது, டிக் செய்யாத ஒரு கட்டத்தின் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. மென்பொருளை நிறுவ வரும் பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன்; ஒரு மதியத்துக்குள் முடித்துக் கொடு என்றால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? விதியை முடிவு செய்ய வேண்டியது நிறுவனம். அதை எழுத்தில் வைத்து, பொறுப்பானவர் கையெழுத்திட்டு, தமிழில் அறிவிப்புப் பலகையில் ஒட்டவும் வேண்டும். சீட்டில் ஒற்றைத் தொகை போதாது: எத்தனை மணி, மணிக்கு என்ன வீதம் என்று தனித்தனி வரியாக வர வேண்டும்.

மேலாளரிடம் அந்தக் காலண்டர் தாள்களையே எடுத்துப்போய்க் காட்டினேன். மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். பிறகு இரண்டு மாத நிலுவையும் அந்தப் பிரிவு முழுவதற்கும் வந்தது.

நீங்கள் சம்பளப் பிரிவில் இருந்தால், புதிய மென்பொருளை ஏற்கும் முன் நள்ளிரவைத் தாண்டிய ஒரு ஷிப்ட், எட்டரை மணி வீதம் ஆறு நாள், இருபத்தைந்து நிமிடம் கூடுதலாக நின்ற ஒரு நாள், இந்த மூன்றையும் கையால் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் வைத்திருக்கும் சோதனைத் தாள் வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.