பலகையைப் பிரித்த பிறகும் அளக்க வேண்டும்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் பழைய பலகைக் கடைவீடு வைத்திருப்பவர்கள் ரெனவேஷன் என்றதும் கான்ட்ராக்டரைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். அவர் கீழ்த்தளத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "எல்லாம் கரையான்ணே, இடிச்சிட்டுக் கல் சுவர் ஏத்திடலாம்" என்கிறார். எனக்குக் கோபம்தான் வருகிறது. தட்டிக்கூடப் பார்க்காமல் எப்படித் தெரியும்?

கட்டடம் அளப்பது என் தொழில். இப்போது பெரியப்பா வீட்டு வேலை நடக்கிறது. கீழே மளிகைக் கடை, மேலே குடியிருப்பு, முன்னால் அஞ்சடி என்கிற கூரை போட்ட நடைபாதை. 1948 ஜூனில் எல்பில் தோட்டத்துத் துரை சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் வந்ததே, அதற்கும் முந்திய வீடு.

அடுப்படியில் வீட்டைத் தாங்கும் மரக்கால் ஒன்று விறகுப் புகையில் கன்னங்கரேல் என்று இருந்தது. பார்த்தவர்களெல்லாம் அது போச்சு என்றார்கள். ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினேன், நுனிகூட இறங்கவில்லை. சுத்தியலால் தட்டினால் கணீரென்றது. செங்கால் (chengal) என்கிற மரம், கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் கனக்கும் ஜாதி. வாசல் பக்கம் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நின்ற கால்தான் மோசம். யாரோ ஒரு காலத்தில் அதன் அடியைச் சுற்றி சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். இறங்கிய மழைத் தண்ணீர் காய வழியில்லாமல் உள்ளேயே ஊறியிருக்கிறது. ஸ்குரூடிரைவர் கைப்பிடி வரை போனது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினாலே மக்கும் ஆபத்து உண்டு. அதற்காக முழுக் காலையும் பிடுங்க வேண்டாம். மக்கிய அடியை மட்டும் அறுத்து, அதே ஜாதி மரத்தில் ஒட்டுப் போட்டால் போதும்.

சரி, வேலைக்கு முன்னால் ஒரு சர்வே எடுத்தால் முடிந்ததா? இல்லை. கழுந்தும் துளையும் சேரும் இடங்கள், அதாவது ஒரு மரத்தின் முனை இன்னொன்றின் துளைக்குள் செருகி நிற்கும் மூட்டுகள், பலகைக்குப் பின்னாலும் சீலிங்குக்கு மேலேயும் ஒளிந்திருக்கின்றன. பிரித்தால்தான் தெரியும். மாடி அறையின் தரை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மண் அமுங்கிவிட்டது, அஸ்திவாரத்தைத் தோண்டணும் என்றார்கள். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் கால்கள் நேராக நின்றன. கீழ்த்தள சீலிங்கைப் பிரித்தபோதுதான் விஷயம் வெளிவந்தது: குழாய் கொண்டுபோக ஓர் உத்திரத்தைப் பாதிவரை வெட்டியிருக்கிறார்கள். அந்த ஓர் உத்திரத்தைச் சரிசெய்தால் போதும் என்று ஆனது.

மரச்சட்ட வீட்டில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் எல்லாம் நிற்கிறது. எல்லாப் பலகையையும் ஒரே நாளில் உருவினால் சட்டம் சாயலாம். வரிசை வீடு என்றால் பக்கத்து வீட்டையும் இழுக்கும். ஓர் அறையைப் பிரித்து, முட்டுக் கொடுத்து, மூலைக்கு மூலை குறுக்கே அளந்து, படம் எடுத்து, அப்புறம்தான் அடுத்த அறை.

ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அங்கே பழைய கடைவீட்டில் கை வைக்க விதிமுறை உண்டு. நம் தோட்டப்புற ஊர்களில் பெரும்பாலும் இப்படி அளந்து செய்யும் வேலையை வீட்டுக்காரர்தான் கேட்டு வாங்க வேண்டும். தோட்டத்துச் சனம் சம்பள நாளில் அரிசியும் கருவாடும் வாங்க வந்து நின்ற வாசல்கள் இவை. நான்கு நாளில் லாரியில் அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். பார்க்கப் பொறுக்கவில்லை.

ஆட்கள் சும்மா நிற்கிறார்கள் என்று கான்ட்ராக்டர் முணுமுணுப்பார். அதனால் பிரித்தபின் அளக்கும் நாட்களுக்கும் கூலியைக் கொட்டேஷனிலேயே தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் வரைபடத்தின் ஒரு பிரதியை வீட்டு கிராண்டோடு (நிலப் பட்டாவோடு) வையுங்கள். எந்தக் காலில் ஒட்டுப் போட்டது, எந்த உத்திரம் பழசு என்று அடுத்துக் கை வைக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும்.