பிப்ரவரி ராபினும் வசந்தமும்

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், வசந்தத்தின் அறிகுறியாகச் சொல்லப்படும் ராபின் பறவைகள் பிப்ரவரியிலேயே தென்பட்டன, இரண்டு நாள் நல்ல வெயிலும் அடித்தது, அதனால் வசந்தம் ஒரு மாதம் முன்னாடியே வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பறவையைப் பார்த்தது உண்மையாகவே இருக்கட்டும், முடிவுதான் தப்பு. அமெரிக்க ராபின்கள் எல்லாமே குளிருக்குத் தெற்கே போய்விடுவதில்லை. மரத்தில் பழம் கிடைத்தால் சில கூட்டங்கள் பனிக்காலம் முழுக்க அங்கேயே தங்கிவிடும். நீங்கள் பார்த்தவை போகாமலே இருந்தவையாகவும் இருக்கலாம். அவை தரையில் இறங்கி மண்புழு தேடுகின்றனவா, ஆண் பறவை பாடத் தொடங்கிவிட்டதா என்று பாருங்கள், அதைக் கொஞ்சம் நம்பலாம்.

அப்புறம் அந்த இரண்டு நாள் வெயில். ராக்கி மலைப் பக்கமிருந்து இறங்கும் சினூக் என்ற வெப்பக் காற்று அடித்தால் நடுக்குளிரிலும் பனி உருகும். தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் ஊரில் 1943 ஜனவரி 22 காலையில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் இரண்டே நிமிடத்தில் 7 டிகிரிக்கு ஏறியது, அதே காலையிலேயே திரும்பவும் மைனஸ் 20க்கு விழுந்தது. அதை வசந்தம் என்பீர்களா?

என்னைக் கேட்டால், புல் பச்சையாகும் முன்பே பூக்கும் பாஸ்க் பூவுக்குக் காத்திருப்பேன். ஊதா நிறம், உடம்பெல்லாம் பட்டு போல ரோமம். தெற்கு டகோட்டாவின் மாநில மலரே அதுதான்.