பிரட்டுக் களமும் கோடை முகாமும்

ஏப்ரல் விடுமுறை நெருங்குவதால், பதின்ம வயதினருக்கான இயற்கை முகாம்கள் பற்றிய அறிவிப்புகள் இலங்கை மலையகத்தில் மீண்டும் வரத் தொடங்கியுள்ளன. இத்தகைய முகாம்களில் பல ஆண்டுகளாகப் பொறுப்பாசிரியராக இருந்து வருபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். தலைமைத்துவப் பயிற்சி என்ற பெயரில், கட்டளைக்குக் காத்திருக்கவே நாம் பிள்ளைகளைப் பழக்குகிறோம்.

விசில் ஊதியதும் வரிசை, பெயர் கூப்பிடுதல், வேலைப் பங்கீடு, அதன் பிறகு விருந்தினர் உரை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு, தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளரை வேலைக்குத் திரட்டும் பிரட்டுக் களமே நினைவுக்கு வருகிறது. விடியுமுன் தப்படித்து எழுப்பி, ஆள்கணக்கு எடுத்து, கங்காணியின் பின்னால் மலைக்கு அனுப்பிய அந்த ஒழுங்குக்குள்தான் எங்கள் பாட்டன் பூட்டன்மார் வாழ்ந்து முடித்தார்கள். அவர்கள் இந்தியாவிலிருந்து வரத் தொடங்கி இருநூறு ஆண்டுகள் ஆனதை ஒட்டி, 2023இல் ‘மலையகம் 200’ என்று அவர்களை நினைவுகூர்ந்த நாம், அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குக் காட்டோரத்திலும் அதே களத்தை அமைத்துக் கொடுப்பது மிகுந்த வேதனை தருகிறது.

மாற்று வழி புதியதன்று. இலங்கையில் சாரணர் இயக்கம் 1912இல் மாத்தளையில்தான் தொடங்கியது. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு அணியை அதே வயதுப் பிள்ளை ஒருவர் நடத்துவதே அதன் உயிர்நாடி.

ஹோர்ட்டன் சமவெளிக்குக் கீழே, ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் நடந்த ஒரு முகாமில், மாத்தளைப் பக்கத்திலிருந்து வந்த பதினைந்து வயது மாணவி ஒருவர் அன்றைய அணித்தலைவியாக இருந்தார். இரவுச் சமையல் அவர் பொறுப்பு. தண்ணீர் தளதளவென்று கொதித்தும் பருப்பு வேகவில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதும், அதனால் பருப்பு வேக நேரம் பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. பனி இறங்கிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் தட்டுகளோடு வந்து நின்றுவிட்டார்கள்.

“சேர், என்ன செய்ய?” என்றார்.

“இன்றைக்கு நீதானம்மா தலைவி” என்று மட்டும் சொன்னேன். வாயை மூடிக்கொண்டிருப்பது அவ்வளவு கடினமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவர் ஒரு பருப்பை எடுத்து விரல்களுக்கு இடையில் நசுக்கிப் பார்த்தார். பானையை மூடி, மூடியின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். பிறகு அணியின் பக்கம் திரும்பி, “நேரத்தை நான் பிழையாகக் கணக்குப் போட்டுவிட்டேன். இன்னும் அரை மணி நேரம் ஆகும்” என்றார். யாரும் முணுமுணுக்கவில்லை. மறுநாள் மூன்றரை மணிக்கே அந்த அணி, எவரும் சொல்லாமல், பருப்பை ஊறப்போட்டிருந்தது.

எல்லாவற்றிலும் பெரியவர்கள் ஒதுங்கி நிற்க முடியாது. ஓடையில் வெள்ளம் ஏறினாலோ, இடி இடித்தாலோ, வழி தெரியாதபடி மூடுபனி இறங்கினாலோ உடனே குறுக்கிட வேண்டும். ஆனால் பருப்பு வேகாததும், பாதை தவறி அரை மணி நேரம் கூடுதலாக நடப்பதும் அந்த வகையில் சேராதவை.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியதை நாம் மறந்திருக்க மாட்டோம். நிலத்தில் புதிய வெடிப்பு, திடீரெனக் கலங்கி வரும் ஊற்று, சாயத் தொடங்கும் மரங்கள் ஆகியவற்றைக் கண்டு, யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் அயல் காம்பராக் கதவுகளைத் தட்டி எழுப்பும் பதினாறு வயதுப் பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் நமக்குத் தேவை. இந்த ஏப்ரலில் முகாம் நடத்துவோர், முதல் நாள் விருந்தினர் உரையை நீக்கிவிட்டு, பெரியவர்கள் முன்கூட்டியே பார்த்து வைத்த இரண்டு மூன்று இடங்களுக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள். மேலுள்ள சரிவையும் நீர் வழிந்த தடத்தையும் பார்த்து, கூடாரத்தை எங்கே அடிப்பது என்று அவர்களே தீர்மானிக்கட்டும்.