ரூஃபஸை யாருக்குப் பிடிக்காது?
நாயகன் நல்லவனாக இல்லாவிட்டால் சுட்டி சொடுக்கி ஆடும் சாகச விளையாட்டில் மனம் ஒட்டாது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹாம்பர்க் நகரத்து டெடாலிக் நிறுவனம் 2012இல் வெளியிட்ட டிபோனியா என்ற அத்தகைய விளையாட்டின் நாயகன் ரூஃபஸைப் பாருங்கள். குப்பை மூடிக் கிடக்கும் ஒரு கோளில் வாழ்பவன். முன்னாள் காதலி வீட்டில் ஓசிச் சோறு, வாய் நிறையப் பீற்றல். அவனால்தான் கோல் என்ற பெண் மேலிருந்து குப்பைமேட்டில் விழுகிறாள். அவளை மீட்க அவன் துடிப்பதும் வானில் மிதக்கும் சொகுசு நகரமான எலிசியத்துக்குப் போக வழி கிடைக்கும் என்றுதான். ஆனாலும் எனக்கு அவன்மேல் வெறுப்பு வரவில்லை. எங்கள் ஈரோட்டுப் பக்கம் ஊருக்கு ஒரு ரூஃபஸ் உண்டு. என் சின்ன மாமாவே அப்படித்தான். பக்கத்துத் தோட்டத்து மோட்டாரைச் சரிசெய்கிறேன் என்று போய், இருந்த தண்ணீரையும் நிறுத்திவிட்டு, அங்கேயே காபியும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தவர். அவர் வந்தால்தான் வீட்டில் சிரிப்பே. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், இந்த விளையாட்டின் புதிர்களில் தர்க்கமே இல்லை என்கிறார். பாதி உண்மை. நானும் இரண்டு இடங்களில் விடையைத் தேடிப் பார்த்தேன். ஆனால் குப்பைக் கோளத்தில் கிடைத்ததை எல்லாம் ஒட்டவைத்துப் பார்ப்பவனுக்கு நேரான வழி கொடுத்தால் அது ரூஃபஸின் கதையாக இருக்காது. பழைய சைக்கிள் டியூப்பை வைத்தே பாதிப் பண்ணையத்தை ஓட்டுகிற எங்களுக்கு அந்தப் புத்தி விளங்கும்.