இடித்தார்கள், கட்டுகிறார்கள், பிடிப்பார்கள்!

"கருத்து விளங்குதுதானே, விடுங்கோ." கட்டுரை திருத்தும் மேசையில் இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு வயிறெரிகிறது. என்ன விளங்குது? திருகோணமலைக் கோட்டை பற்றி ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது: "போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்களால் கோட்டை கட்டுகிறார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடிப்பார்கள்." ஒல்லாந்தர் இனித்தான் வந்து பிடிக்கப் போகிறார்களா?

அந்தத் தாளில் சிவப்புப் பேனா தொட்ட இடம் ஒன்றே ஒன்று. 'கற்கள்' என்பதில் 'ற்' விடுபட்டிருந்ததாம். றகர ரகரத்துக்கு இவ்வளவு பாடுபடுகிறோம். மூன்று வசனத்தில் மூன்று காலமும் வந்து போகிறது, ஒருவர் கண்ணிலும் படவில்லை!

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். ரியூசனில் கொடுத்த மாதிரிக் கட்டுரையைப் பாடமாக்கி வருகிறார்கள். "கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்" என்று தொடங்கும். கன்னியா வெந்நீரூற்றில் குளித்த கதைக்கு வந்ததும் பிள்ளையின் சொந்தப் பேச்சு வந்துவிடும்: "நான் வாளியால் அள்ளி ஊத்துறன், சுடுகிறது." வாயால் சொல்லும்போது நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். "போறன், பார்த்தா ஒருத்தரும் இல்லை" என்றால் நேற்றைய கதை என்று குரலே காட்டிவிடும். தாளுக்குக் குரல் ஏது? அதைத்தான் வகுப்பில் சொல்லிக்கொடுக்க வேண்டும். யார் சொல்லிக்கொடுக்கிறோம்?

இன்னொரு கொடுமையும் நடக்கிறது. "மலை உச்சிக்கு ஏறினோம். கோயிலுக்குப் பின்னால் இராவணன் வெட்டு இருக்கிறது" என்று சரியாக எழுதிய பிள்ளைக்கு 'இருந்தது' என்று வெட்டித் திருத்துகிறார்கள். அந்தப் பாறைப் பிளவு இன்றைக்கும் அங்கேதானே இருக்கிறது! நடந்த செயலுக்கு இறந்தகாலம், இப்போதும் உள்ளதற்கு நிகழ்காலம். இந்த வித்தியாசம் தெரியாமல் பேனாவைத் தூக்கக் கூடாது.

இலக்கணம் கல் மாதிரி இறுகியது என்று சாட்டுச் சொல்லவும் வேண்டாம். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணங்களில் ஒன்று இருந்தால் காலம் மாறலாம் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது. வாசலில் கூப்பிட்டவருக்கு உள்ளே இருந்தபடி "இந்தா வந்திட்டன்" என்கிறோமே, அது விரைவு. ஒல்லாந்தர் பிடிப்பதற்கு இதில் எந்தக் காரணம்?

வருகிற தவணைப் பரீட்சையில் காலவழுவுக்கென்று, அதாவது காலம் மாறி எழுதும் பிழைக்கென்று, தனியாகப் புள்ளி வெட்டுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு பாடவேளை ஒதுக்கி, எழுதிய கட்டுரையில் பயனிலைகளுக்கு மட்டும் கோடு போட்டு வரிசையாக வாசிக்கச் சொல்லுங்கள். பிழை எங்கே என்று பிள்ளையே சொல்லும்.