ஆட்டுப்பாதைக்காரன் எழுதுவது

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் இரண்டு நாளாக நினைத்தேன். முடியவில்லை.

துருக்கியின் பெசிர்கான் என்ற மலை ஊருக்கு நான் சைக்கிளில் ஏறிப்போனது பற்றிய பதிவை ஒருவர் படம் பிடித்துத் தன் பக்கத்தில் போட்டு, "ஆட்டுப்பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதற்குப் பெயர் டூரிங்காம்! வண்டிக்குப் பயந்தவர்கள் நடந்தே போகலாமே" என்று எழுதியிருந்தாரே, அதைத்தான் சொல்கிறேன். பெயர் போட மாட்டேன். உங்களுக்கே தெரியும். அதற்கு விழுந்த சிரிப்புக் குறிகளில் பாதி என் நண்பர் பட்டியலில் இருப்பவர்களுடையது. அதுவும் எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்று. வண்டி வராத சாலையைத் தேடிப் போவது பயம் அல்ல. நாற்பது கிலோ சுமையோடு, 700 மீட்டர் மேட்டை ஒரே மூச்சில் ஏறிப் போகிறவனைப் பயந்தவன் என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். அது அவருக்கு இருக்கிறது. வாழ்க.

அவர் கொண்டாடும் டி400 சாலை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. துருக்கியின் தென்கரையில் தாட்சாவில் ஆரம்பித்து ஈரான் எல்லை வரை 2000 கி.மீ.க்கு மேல் ஓடும் நெடுஞ்சாலை. பழைய லைசியா நாட்டின் கரையில், குறிப்பாகக் கால்கன், காஷ் என்ற இரண்டு கரையூர்களுக்கு நடுவே, மலையைச் செதுக்கி அதன் விலாவில் ஒட்டவைத்தது போல இருக்கும். இடது பக்கம் பாறை, வலது பக்கம் தடுப்பு, தடுப்புக்குக் கீழே கடல். ஓரம் என்று ஒன்று பல இடங்களில் இல்லவே இல்லை. கபுதாஷ் கடற்கரைக்கு மேலே கார்களைச் சாலையிலேயே நிறுத்தியிருப்பார்கள். அதைச் சுற்றிக்கொண்டு போக நடுச்சாலைக்கு வரவேண்டும். காட்சி அற்புதம்தான், யார் மறுத்தது? ஆனால் முதல் பயணத்தில் அந்த 26 கி.மீ.யில் நான் அதிகம் பார்த்தது கைப்பிடியில் மாட்டியிருந்த பின்பக்கக் கண்ணாடியைத்தான். கடலைப் பார்க்க நேரம் கிடைத்தது கீழே விழுந்த பிறகு. அதற்கு வருகிறேன்.

அவருடைய வாதம் என்ன? "பழைய ஊர்கள் எல்லாம் நெடுஞ்சாலையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. சாந்தோஸ், லெட்டூன், பதாரா, மீரா. பலகையைப் பார்த்துத் திரும்பினால் போச்சு. மூன்றே நாளில் முடித்தேன்." முடித்தாராம்! சாந்தோஸ், ஒரு முறை பாரசீகரிடமும் ஐந்நூறு ஆண்டுகள் கழித்து புரூட்டஸின் படையிடமும் சரணடைவதைவிடச் சாவதே மேல் என்று தன்னையே எரித்துக்கொண்ட ஊர். அதை இவர் நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டார்.

நான் சொல்வது இவ்வளவுதான். அந்த நெடுஞ்சாலை லைசியாவின் சாலை அல்ல. லைசியாவின் சாலை மலைமேல் இருக்கிறது.

இது நான் கற்பனையில் சொல்வதில்லை. பதாராவில் 1993-இல் ஒரு தீக்குப் பிறகு கல்வெட்டுக் கற்கள் வெளிப்பட்டன. ரோமானியப் பேரரசர் கிளாடியஸ் லைசியாவை மாகாணமாக்கி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன நிலையில், கி.பி. 46 வாக்கில் நிறுத்தப்பட்ட தூண் அது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வழி, எத்தனை ஸ்டேடியா (பழைய கிரேக்கத் தூர அளவு) என்று வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட வழிகள். கிட்டத்தட்ட ஒரு நாட்டின் மொத்தச் சாலை அட்டவணையே கல்லில் இருக்கிறது. அந்த வழிகள் எப்படிப் போயிருக்கும்? கரையை ஒட்டி மலையைக் குடைந்தா? பள்ளத்தாக்கு வழியாக ஏறி, கணவாய் தாண்டி, அடுத்த பள்ளத்தாக்கில் இறங்கித்தான். ஆடு போகும் வழி, கழுதை போகும் வழி. ஆமாம் அண்ணே, ஆட்டுப்பாதைதான்.

கால்கனுக்குப் பக்கத்தில் டெலிக்கெமெர் என்று ஓர் இடம். பதாராவுக்குத் தண்ணீர் கொண்டுபோன வாய்க்காலின் ஒரு துண்டு. வாய்க்கால் ஒரு தாழ்வான இடத்தைக் கடக்கவேண்டும். அதற்குக் கற்சுவர் எழுப்பி, அதன்மேல் நடுவில் துளையிட்ட பெரிய கற்களை ஒன்றின் மூக்கு அடுத்ததன் குழியில் பொருந்தும்படி வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். கல்லாலேயே அழுத்தக் குழாய்! ஒரு பக்கம் இறங்கிய தண்ணீர் தன் அழுத்தத்திலேயே மறுபக்கம் ஏறும். தண்ணீர் புறப்பட்ட இடம் இன்றைய இஸ்லாம்லார் கிராமத்து ஊற்று, அங்கிருந்து பதாரா வரை 20 கி.மீ.க்கு மேல். சைக்கிளை ஓர் ஒலிவ மரத்தில் சாய்த்துவிட்டு அந்தக் கல்லின் துளைக்குள் கையைவிட்டுப் பார்த்தேன். முழங்கை வரை போனது. அந்த ஒரு மணி நேரத்தில் அங்கே வந்தது இரண்டு ஆடுகள். சரி, மூன்று.

மறுநாள் காலை அதே இஸ்லாம்லார் பக்கம் ஏறும்போதுதான் உறைத்தது. சரிவை இவ்வளவு மதித்து அந்த வாய்க்காலை வெட்டியவர்களின் கணக்கு, சைக்கிளில் ஏறுகிறவனின் தொடைக்குத்தான் முதலில் புரியும். காரில் போகிறவனுக்கு எல்லா மேடும் ஒன்று. நெடுஞ்சாலையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கோ மேடாவது பள்ளமாவது.

அதற்கு மேலே பெசிர்கான். இவர் கிண்டல் செய்த படம் அங்கே எடுத்ததுதான். மலைக்கு நடுவே தட்டுப் போலக் கிடக்கும் சமவெளி. கால்கன்காரர்கள் வெயில் காலத்துக்கு ஏறிவரும் யய்லா, அதாவது மேட்டு நிலக் கோடை ஊர். அங்கே வரிசையாக மரத் தானியக் களஞ்சியங்கள் இருக்கின்றன. உத்திரங்களின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன மர வீடுகள். அதைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு நாளாகப் பாறைகளில் பார்த்துவந்த லைசியக் கல்லறைகளுக்கும் இதே முகம். மர வீட்டைப் பார்த்துத்தான் அவர்கள் கல்லைச் செதுக்கினார்கள், உத்திரத்தின் முனைகளைக்கூட விடாமல். அந்த மர வீடுகள் மக்கிப்போய் ஈராயிரம் ஆண்டு ஆகியிருக்கும். அவற்றின் தூரத்துச் சொந்தக்காரன் ஒருவன் கோதுமை வாசனையோடு நிற்பது போல இருந்தது. நிபுணர்கள் இதை ஏற்பார்களோ மாட்டார்களோ, எனக்கு அப்படித்தான் பட்டது. டி400-இல் போயிருந்தால் இந்தத் தொடர்பு எனக்குக் கிடைத்திருக்குமா? அவருக்குக் கிடைத்ததா? அவர் பதிவில் சராசரி வேகம்தான் இருக்கிறது.

அப்புறம், "தள்ளினான்" என்பது. தள்ளினேன். இரண்டு இடத்தில். மொத்தம் ஒரு கிலோமீட்டர் இருக்கும். சரளையில் பின்சக்கரம் சுழன்றது, இறங்கித் தள்ளினேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? பதிவில் நானே எழுதியதுதானே?

"நாய் துரத்தினால் என்ன செய்வாய், விழுந்தால் யார் தூக்குவார்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கிடை காக்கும் நாய்கள், கழுத்தில் முள்பட்டை போட்டவை, கொம்பே என்ற மலை ஊர் தாண்டி இரண்டு முறை வந்தன. இறங்கி, எனக்கும் அதற்கும் நடுவில் சைக்கிளை நிறுத்தி, அசையாமல் நின்றேன். மேய்ப்பவர் குரல் கொடுத்ததும் போய்விட்டன. பயமாக இருந்தது, உண்மை. ஆனால் நாய்க்கு ஒரு காரணம் இருக்கிறது, அதன் ஆடு. திருப்பத்தில் முந்துகிற சுற்றுலாப் பேருந்துக்கு என்ன காரணம்?

விழுந்தால் யார் தூக்குவார் என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. சொல்லவேண்டாம் என்று இருந்தேன்.

முதல் பயணத்தில், கபுதாஷ் தாண்டி ஒரு வளைவில், ஒரு பேருந்து என் இடது பக்கப் பையை உரசிக்கொண்டு போனது. நின்றுகூடப் பார்க்கவில்லை. நான் தடுப்பில் மோதி விழுந்தேன். வலது மணிக்கட்டில் விரிசல். அன்று நான் தனியாகப் போகவில்லை. எனக்கு முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். அவர் கண்ணாடி மாட்டுவதில்லை, அது பயந்தவர்களுக்காம். என்னைத் தூக்கியது தக்காளிப் பெட்டிகளோடு வந்த ஒரு சிறிய லாரிக்காரர். பின்னால் பெட்டிகளை ஒதுக்கி சைக்கிளுக்கு இடம் செய்து, காஷ் வரை கொண்டுவந்து விட்டு, பணம் வாங்காமல் போனார். முன்னால் போனவர் காஷ் துறைமுகத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், அந்த இடை ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் கோப்பையில். என் கையைப் பார்த்தார். "நீ ஓரமாகவே போனால் இப்படித்தான். நடுவில் தைரியமாகப் போயிருக்கணும்" என்றார்.

இவ்வளவு காலம் இதை எங்கும் எழுதியதில்லை. நீங்கள் வீரர், நான் பயந்தவன், சரி. ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திரும்பிப் பார்த்திருக்கலாம் அண்ணே.

எங்கேயோ போய்விட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

இன்னொரு கேள்வி எனக்கே உறுத்துகிறது. மலைக் கிராமத்துக்காரர்களுக்குத் தார்ச்சாலை வேண்டும், மருத்துவமனைக்கும் சந்தைக்கும். அந்தத் தக்காளி லாரி ஓடுவதே டி400 இருப்பதால்தான். அதே சாலைதான் என்னைக் காஷுக்குக் கொண்டுசேர்த்தது. நான் பன்னிரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய், "ஆகா, சாலையே இல்லாத மலை" என்று உருகுவதில் கொஞ்சம் அசிங்கம் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் எந்தச் சாலையையும் மூடச் சொல்லவில்லையே? இருக்கிற பழைய சாலையில் போனேன், அவ்வளவுதான். அதுவும் முழுக்க வண்டியில்லாத வழி இல்லை. எல்மாலியிலிருந்து ஃபினிகேவுக்கு இறங்கும் சாலையில் லாரிகள் உண்டு, அதை மறைக்கமாட்டேன். அந்த இறக்கத்தில்தான் அரிக்காண்டா இருக்கிறது. மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஒரு பழைய லைசிய ஊர், ஓட்டப்பந்தய மைதானம் மேலே, அதற்குக் கீழே அரங்கம். நான் போனபோது மழை பிடித்துக்கொண்டது. அரங்கத்தின் கடைசி வரிசையில் பாலிதீன் உறையைத் தலையில் போட்டுக்கொண்டு ரொட்டியும் ஒலிவக் காயும் தின்றேன். கீழே யாரும் நடிக்கவில்லை, மேலே பார்ப்பவன் நான் ஒருவன்தான்.

"அப்படியானால் லைசிய நடைபாதையில் நடந்தே போயேன்" என்பவர்களுக்கு: 1999-இல் கேட் க்ளோ என்ற ஆங்கிலேயப் பெண்மணி அடையாளமிட்டுத் திறந்த, 500 கி.மீ.க்கு மேல் நீளும் அந்தப் பாதையை நானும் மதிக்கிறேன். அது காலுக்கு. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருக்கும். நடப்பதற்கும் டி400-க்கும் நடுவில் ஒரு மூன்றாவது வழி இருக்கிறது என்றுதானே ஆரம்பத்திலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்?

நேற்று இரவு ஒரு வேடிக்கை. அவருடைய குழுவிலிருந்தே மூன்று பேர், அவர் கிண்டலுக்குக் கீழே சிரிப்புக் குறி போட்ட அதே மூன்று பேர், "அந்தப் பெசிர்கான் வழித்தடத்தை அனுப்ப முடியுமா" என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்கள். அனுப்பிவிட்டேன். கால்கனிலிருந்து ஏறும்போது முதல் குழாயடியிலேயே எல்லாப் பாட்டிலையும் நிரப்பிக்கொள்ளுங்கள். நான் போனபோது இரண்டாவதில் தண்ணீர் வரவில்லை.